பலூன் கூடையில் ஒரு பொலி

என்னங்க,

பக்கத்தில் யார் இருப்பார்களோ என்று நினைத்து என் போனை நீங்கள் எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் துருக்கியில் இருக்கிறேன்! மகளோடும், நீங்கள் வேண்டாம் என்றும் அவள் கட்டிக்கொண்ட அந்தப் பிள்ளையோடும் ஊர் சுற்றுகிறேன். முந்தாநாள் இஸ்தான்புல்லில் கைடு காட்டிய பெரிய பள்ளிவாசலுக்குள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போனேன். முகம் சுளிக்காதீர்கள். கூரையைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து இன்னும் வலிக்கிறது.

இன்று விடியற்காலையில் கப்படோக்கியாவில் பலூனில் ஏற்றினார்கள். கீழே கூம்பு கூம்பாகப் பாறைகள். அவற்றைக் குடைந்து, நம் தோட்டத்து லயத்து வீடுகள் போலவே வரிசையாக வாசல்கள். பலூனுக்கு அடியில் தொங்குவது என்ன தெரியுமா? பிரம்புக் கூடைங்க! அதற்குள்தான் நாங்கள் நின்றோம்.

தரையை விட்டதும் எனக்கு உயிரே போய்விட்டது. தேயிலைக் கொழுந்தெடுக்கத் தொடங்கும்போது கூடை நிறையட்டும் என்று கத்துவோமே, அது தானாக வாயில் வந்துவிட்டது.

"பொலியோ பொலி!"

வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகள் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தப் பிள்ளை மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொலி, பொலி, பொலி!" என்று என்னைவிடப் பெரிதாகக் கத்தியது.

"ஒனக்கு எப்புடிய்யா தெரியும்?" என்றேன்.

"என்ன மாமி, வாப்பாட கடை ஒங்க மலைக்குக் கீழதானே. சின்னதுல இந்தச் சத்தம் கேட்டுத்தானே தெனமும் எந்திரிச்சேன்."

காலமெல்லாம் நான் கூடையைச் சுமந்தேன். இன்று கூடை என்னைச் சுமந்தது.

தீபாவளிக்கு மகளோடும் மாப்பிள்ளையோடும் டயகமவில் நம் வீட்டுக்கு வருகிறேன். நாலு பேருக்கு உலை வையுங்கள்.

வானத்தில் பொலி சொன்ன
உங்கள் வீட்டுக்காரி