முன்பக்கக் கொக்கி

டிசம்பர் 18, வியாழன்

கிறிஸ்துமஸ் பூசைக்காகப் பாடகர் குழுப் பெண்களுக்கு நான் செய்திருக்கும் ரப்பர் மரத்துக் கொட்டை மாலைகளைப் பார்க்க, ராசா வட்டாரத்திலிருந்து ஸ்டெல்லா வந்தாள். புருஷனும் கூடவே வந்தார். இருவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்று பக்கத்துத் தெமியாங் வரை பரப்பியவள் நான்.

“என்னா ஆண்ட்டி, கொக்கி முன்னால இருக்கு?”

“இப்ப இதான் ஃபேஷன் லா.”

என் மூஞ்சிக்கும் ஃபேஷனுக்கும் என்ன உறவோ!

“பின்னால மாத்திடுங்க ஆண்ட்டி. மாட்டிவிட இந்த மனுசன் இருக்காருல்ல?”

மாலையைத் திருப்பிக் கழுத்தில் வைத்துக்கொண்டாள். அவர் கார் சாவியை வாயில் கவ்விக்கொண்டு, அவள் கூந்தலை ஒதுக்கி, நொடியில் மாட்டிவிட்டார். நான் குனிந்து, சுத்தமாக இருந்த கொட்டைகளை மறுபடியும் துடைத்தேன்.

செய்கிற மாலையை எல்லாம் என் கழுத்தில் போட்டுத்தான் அளவு பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் போன பிறகு கொக்கியைப் பின்னால் வைத்ததே இல்லை. ஸ்டெல்லாவிடம் இதையா சொல்ல முடியும்?

எல்லா மாலைகளிலும் கொக்கியை மாற்றிவிட்டேன். கடைசி வரிசையில் நின்று சுருதி தப்பிப் பாடுகிறவளின் மாலை மட்டும் பாக்கி. என்னுடையதுதான். அதில் கொக்கி முன்னாலேயே இருக்கட்டும். மேலே ஒரு நட்சத்திரம் வைத்து மறைத்தாயிற்று.

நாளைக்கு ஒத்திகையில் எல்லாரும் அந்த நட்சத்திரம் தங்களுக்கும் வேண்டும் என்பார்கள்.