பொட்டுக்கு நான்கு விரல் கீழே

நம் மேஜை இன்று காலை வீட்டுக்கு வந்துவிட்டது. ஆபீஸை வேறிடத்துக்கு மாற்றுகிறார்கள். பழைய சாமான்களை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். எனக்கு இனி வீட்டிலிருந்துதான் வேலை. நாம் உட்கார்ந்த மேஜையையும் நாற்காலியையும் கேட்டு வாங்கி, அம்பத்தூரிலிருந்து குட்டியானை வண்டியில் ஏற்றித் திருவேற்காட்டுக்குக் கொண்டுவந்தேன். துடைப்பதற்காக மேஜையைச் சாய்த்தபோது, பக்கப் பலகையின் உட்புறத்தில் அந்த மெரூன் ஸ்டிக்கர் பொட்டு அப்படியே இருந்தது. கையில் துணியோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே மேஜை, இரண்டு பேர். காலை ஆறிலிருந்து இரண்டு வரை நீ, அதற்குமேல் நான். ஷிப்ட் மாறும் அந்தக் கால் மணி நேரம்தான் நாம் தினமும் சேர்ந்திருந்தது. ஆறு வருடச் சிநேகம் முழுவதும் மத்தியான வெயிலிலேயே நடந்திருக்கிறது. இப்போது நினைத்தாலும் உன் முகம் ஜன்னல் வெளிச்சத்தோடுதான் வருகிறது, அரைத்தூக்கத்தில் பார்ப்பதுபோல.

நாம் பழகிய புதிதில் என் வலது கை மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. கழுத்திலிருந்து விரல் வரை ஓர் இழுப்பு. டம்ளரைப் பிடித்தால் நழுவும். இனி முடியாது என்று ராஜினாமாக் கடிதம்கூட எழுதிவைத்துவிட்டேன். அப்பா இல்லாத வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான் வருகிறது என்பதை உன்னிடம் மட்டும் சொன்னேன். அன்று உன் ஷிப்ட் முடிந்தும் நீ கிளம்பவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, நான் வேலை செய்வதைப் பின்னாலிருந்து பார்த்தாய்.

"இன்னாமே, கம்ப்யூட்டராண்ட ஆசீர்வாதம் வாங்கிகினு கீறியா? தலய தூக்கு."

பிறகு என்னை உட்காரவைத்து ஆட்டிவைத்தாய். முழங்கை மேஜைக்குச் சமமாக வரும்வரை நாற்காலியை ஏற்றினாய். பாதம் இரண்டும் தரையில் படிகிறதா என்று குனிந்து பார்த்தாய். மானிட்டருக்கு அடியில் ஏ4 பேப்பர் கட்டு இரண்டை வைத்து, அதன் மேல்விளிம்பை என் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்தாய். நான் எட்டி எட்டிப் பிடித்துக்கொண்டிருந்த மவுஸைக் கீபோர்டை ஒட்டி நகர்த்தினாய். இடுப்புக்குப் பின்னால் உன் துண்டைச் சுருட்டிச் செருகினாய். உனக்கு முதுகு பிடித்துக்கொண்ட காலத்தில், ஆவடியில் உனக்குப் பிசியோதெரபி செய்த ஒரு டாக்டரம்மா சொல்லித்தந்த பாடமாம் அது.

உயரத்துக்கு ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. முகம் கழுவப் போகும்போது நான் மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைக்கும் பொட்டுகளில் ஒன்றை உரித்து, நாற்காலியின் கைப்பிடிக்கு நேராகப் பலகையில் ஒட்டினாய். "நான் பொட்டு வெச்சா எங்கம்மா ஊட்லயே ஒரு பிரசங்கம் வெச்சிரும். மேஜைக்காச்சும் வெச்சி பாத்துக்கறேன்."

பட்டரவாக்கம் பக்கம் போகும் ரயிலும் உனக்கு உதவியது. "ரயில் சத்தம் கேக்கறப்பல்லாம் எயுந்து நின்னு வெளில பாருமே. கண்ணுக்கும் காத்து வோணும்ல." மூன்று மாதத்தில் என் கை எனக்குத் திரும்பக் கிடைத்தது. கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

நீ என்னைவிடக் குள்ளம். என் உயரத்தில் உட்கார்ந்தால் உன் கால் தொங்கும். அதனால் காலையில் வந்ததும் நாற்காலியை இறக்குவாய். இரண்டு மணிக்கு எழுந்ததும் மறுபடி பொட்டுக்கு ஏற்றிவிட்டுத்தான் பையை எடுப்பாய். நான் வந்து மகாராணி மாதிரி உட்காருவேன். என் ஷிப்ட் முடிந்து கேப் ஹார்ன் அடித்ததும் அப்படியே எழுந்து ஓடுவேன். ஒருநாள் நீயே கேட்டாய்: "போறப்போ கொஞ்சம் எறக்கி வுட்டா இன்னாமே, கிரீடம் எறங்கிருமா? காலைல ஏறி குந்திகினு லிவர தேடறதுக்குள்ள இடுப்பு புடிச்சிக்குது."

சிரித்தேன். நாளையிலிருந்து என்றேன். ஒருநாள்கூடச் செய்யவில்லை. மறதி என்று சொல்லலாம். உன்னிடம் எதற்கு அந்தப் பொய். சோம்பல்தான்.

கடைசியாகப் பார்த்தபோது உனக்குக் காய்ச்சல். கண் சிவந்திருந்தது. "ரெண்டு நாள்ல வந்துருவேன், சீட்ட பாத்துக்கோ" என்று போனாய். ஆஸ்பத்திரியில் சேர்ந்தவள் வீடு திரும்பவில்லை. அன்றைக்கும் நாற்காலி பொட்டுக்கு நேராகத்தான் நின்றது. அந்தக் காய்ச்சலோடு எனக்காக ஏற்றியிருக்கிறாய். நினைக்க நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்று துடைக்கும்போதுதான் இன்னொன்றைப் பார்த்தேன். பொட்டுக்கு நான்கு விரல் கீழே, ஒயிட்னரால் இழுத்த ஒரு சின்னக் கோடு. உன் அளவு. எனக்குத் தெரியட்டும் என்று போட்டுவைத்திருக்கிறாய். இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூடக் குனிந்து பார்த்ததில்லை.

மேஜையை ஜன்னலோரம் போட்டேன். முழங்கை, பாதம், கண் எல்லாம் நீ சொன்னபடி. இங்கே ரயில் கிடையாது. கோயில் பக்கம் போகும் ஷேர் ஆட்டோக்களின் ஹார்ன்தான். ஆனாலும் இரண்டு மணிவாக்கில் எங்கோ தூரத்தில் ஒரு ரயில் போவதுபோலக் காதில் விழுந்தது. எழுந்து நின்று வெளியே பார்த்தேன். அதே வெயில்.

ராத்திரி வேலை முடிந்ததும் லிவரைத் தூக்கி, இருக்கையைக் கையால் அழுத்தி, வெள்ளைக் கோட்டுக்கு நேராக இறக்கிவிட்டேன். நாளையும் இறக்குவேன். வந்து உட்காருமே. கால் தரையில் படும்.

உன் ரெண்டாம் ஷிப்ட்காரி