அணையாத கட்டளை

மார்ச் 4

மழை. ஆய்வகத்தில் நான் மட்டும். பகல் முழுக்க வைரஸ் புகுந்த ரத்தச் செல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9

அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய். நான் இத்தனை வருடமாய்ப் படிக்கிற அதே வைரஸால்!

போனில் கேட்டான்: "நீதானே எக்ஸ்பர்ட். அது என்னடி பண்ணுது?"

"'பெருகு'ன்னு செல்லுக்கு ஒரு கட்டளை வரும். வேலை முடிஞ்சதும் அணைஞ்சிடும். இந்த வைரஸ் அதை அணைய விடாது. காலிங்பெல்ல வச்ச விரலை எடுக்காம நிக்கிற மாதிரி."

"நம்ம சொந்தக்காரங்க மாதிரின்னு சொல்லு."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 14

குடும்பத்துக்கே பரிசோதனை. அம்மாவுக்கு வைரஸ் இருக்கிறது, நோய் இல்லை. வைரஸ் இருந்தாலும் பெரும்பாலோருக்கு நோய் கடைசிவரை வராது. எனக்கு வைரஸே இல்லை.

காரணம் பால். தாய்ப்பால் வழியாகப் பிள்ளைக்குப் பரவும் வைரஸ் இது. நான் பிறந்ததும் அம்மா காய்ச்சலில் படுத்துவிட்டாள், எனக்குப் புட்டிப்பால்தான். அண்ணன் மூன்று வயதுவரை தாய்ப்பால் குடித்தவன். "எனக்குப் பாலாவது குடுத்தியா?" என்று எத்தனை சண்டையில் கேட்டிருப்பேன்! இனி எந்த வாயால் கேட்பேன்?

"அம்மாகிட்ட மூச்சு விடாதே" என்கிறான் அண்ணன்.

மார்ச் 21

அம்மா போன் செய்தாள். யாரோ நர்ஸ் சொல்லியிருக்கிறாள்.

"என் பால்லயா?"

"...ஆமாம்மா. அப்ப யாருக்கும்மா தெரியும்?"

"இப்ப உனக்குத் தெரியும்ல? ஊரான் வாயால நான் கேக்கணுமா?"

வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 2

அம்மா என் போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 17

இன்றும் எடுக்கவில்லை. என்மேல் கோபமா, அவள்மேலேயேவா?

ஜூலை 8

மருந்தில் அண்ணனுக்கு நோய் அடங்கியிருக்கிறது. இனி ரத்தத்தை உண்டாக்கும் மூலச் செல்களை வேறொருவரிடமிருந்து எடுத்து அவனுக்கு ஏற்ற வேண்டும். என்னுடையவை பொருந்துகின்றன. "உங்களுக்கு வைரஸ் இல்லாதது நல்லதாப் போச்சு" என்றார் டாக்டர். ஆமாம். நல்லதுதான். பிறகு ஏன் கழிவறையில் போய் அழுதேன்?

ஜூலை 19

ஆஸ்பத்திரியில் என் ரத்தம் இயந்திரத்துக்குப் போய், செல்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தது. கையை மடக்கக்கூடாது. மூக்கு அரித்தது; சொறிந்துவிட ஆளில்லை. அம்மா மேல்மாடியில், அண்ணன் அறை வாசலில் இருந்தாளாம்.

ஆகஸ்ட் 11

காலையில் அண்ணன் பேசினான். "புது செல் வளருதாம். பசிக்குதுடி."

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். அம்மா. உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு என் கையைப் பிடித்து, சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தாள்.

"இந்தக் கைலயா குத்தினாங்க?"

"ரெண்டுலயும்மா."

இன்னொரு கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.