நாற்பத்தோராம் இலக்கக் கலப்பினம்

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே கண்ணாடிக்கூடத்தின் ஈரப்பதமானி எண்பத்தாறு காட்டியது. வெளியில் மொன்றியல் முழுவதும் புழுக்கம். உள்ளே கூரையிலிருந்து நீர் சொட்டுகிறது. ஈரம் உறிஞ்சும் இயந்திரங்கள் இரண்டில் ஒன்று சென்ற வாரமே நின்றுவிட்டது.

மூன்றாம் மேசையில் என் கலப்பினக் கஞ்சாச் செடிகள் முப்பத்தாறும் பூவெடுத்து ஐந்தாவது வாரத்தில் நிற்கின்றன. ‘என்’ என்று எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை. தாயையும் தந்தையையும் தெரிந்தெடுத்தவள் நான். நூற்றிருபது நாற்றுகளில் நாற்பத்தோராம் இலக்கமே இந்தப் புழுக்கத்தைத் தாங்கும் என்று மூன்று ஆண்டுகள் பார்த்துச் சொன்னவளும் நான். பத்தாம் வகுப்புடன் பள்ளியை விட்டவள், பிரெஞ்சு நூல்களை அகராதியுடன் அமர்ந்து படித்துச் சொன்னேன்.

இந்த அறுவடை ஆய்வுகூடப் பரிசோதனையில் தேறினால் இனத்தை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகவும், பொறுப்பை எனக்கே தருவதாகவும் மேலாளர் செலீன் கூறியிருக்கிறார். தேறாவிட்டால், இந்த முப்பத்தாறுக்கும் தண்டு வெட்டியெடுத்த தாய்ச்செடி உட்பட யாவும் அழிக்கப்படும்.

உரிமம் பெற்ற கூடம்தான். ஆயினும் என் கணவர் கோயிலில் எவரேனும் கேட்டால், “அவ பியர்பொன்ட்ஸ் பக்கம் தக்காளி வளக்கிறா” என்கிறார். சென்ற வெள்ளி ஒரு அம்மா என்னிடம் இரண்டு கிலோ கேட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நான்கு செடிகளின் இலைகளில் திருநீறு தூவியது போல வெண்மை. வெண்பூஞ்சை. ஈரத்துணியால் துடைத்தேன். நண்பகலில் மீண்டும் தெரிந்தது.

செலீனிடம் சொன்னால் நான்கையும் பிடுங்கச் சொல்வார். ‘தாங்கும் என்றாயே’ என்று கேட்கமாட்டார்; பார்ப்பார். அந்தப் பார்வை போதும். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஒன்பது செடிகள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தண்ணீர் விடும் முறை இன்று என்னுடையது. கூடத்தில் வேறு எவருமில்லை. செயின்ட்-மிஷேல் தமிழ்க்கடையில் நேற்று வாங்கிய வேப்பெண்ணெயைச் சவர்க்கார நீரில் கரைத்து, பூட்டாமல் கிடந்த மருந்தறையிலிருந்த தெளிப்பானால் முப்பத்தாறு செடிகளுக்கும் அடித்தேன். பின் அதைக் கழுவி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

எதைத் தெளித்தாலும் பதிவேட்டில் எழுதவேண்டும் என்பது விதி. எழுதவில்லை. தடைசெய்யப்பட்ட மருந்துகளின் பட்டியலை நான் மூன்று முறை வாசித்தவள். வேம்பு என்று அதில் எங்கும் இல்லை. அம்மை கண்ட பிள்ளையைக் கிடத்துகிற இலை. அது எவ்வாறு நஞ்சாகும்?

ஆகஸ்ட் 25, திங்கள்

ஒரு செடியிலும் வெண்மை இல்லை. ஒன்றிலும் இல்லை!

செப்டெம்பர் 9, செவ்வாய்

அறுவடை. மருந்தறைக்குப் பொறுப்பான சிவநேசமும் பூ வெட்ட வந்தார். “அக்கா, இந்த மணத்துக்கு எனக்குப் பசிக்குது. தேசிக்காய்ச் சோறு மாதிரியெல்லோ கிடக்கு.”

“புளிப்புப் பழங்களின் நறுமணம் என்று சொல்லவேணும்.”

“ஓம், ஓம். அதுக்கு ஊறுகாயும் வேணும்.”

சிரித்துவிட்டேன். எத்தனை வாரங்களின் பின்.

அக்டோபர் 2, வியாழன்

ஆய்வுகூட அறிக்கை வந்தது. பூஞ்சை இல்லை. வீரியம் எதிர்பார்த்ததிலும் அதிகம். கடைசிப் பக்கத்தில், தடைசெய்யப்பட்ட மருந்தின் எச்சம்: அசாடிராக்டின்.

அந்தப் பெயர் பட்டியலில் இருந்தது. நான் வாசித்திருந்தேன். அது வேப்பங்கொட்டையின் சத்து என்று அகராதியில் தேடிப் பார்க்கவேண்டும் என எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று முறை வாசித்தவளாம்!

அக்டோபர் 3, வெள்ளி

சிவநேசத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மருந்தறைச் சாவி அவரிடம் இருந்ததாம். செடிகள் பூத்திருந்த வாரங்களின் பதிவேட்டில் அவருடைய கையொப்பம் மட்டுமே உள்ளதாம். விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்றார் செலீன். சிவநேசம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிய சட்டியையே திரும்பவும் கழுவினேன்.

அக்டோபர் 4, சனி

சிவநேசம் தொலைபேசியில் அழைத்தார்.

“அக்கா, ஊரிலையிருந்து மனுசியை இஞ்சை கூப்பிடுற அலுவல் இப்பதான் ஓடுது. குடிவரவிலை வேலைக் கடிதம் கேட்டிருக்கிறாங்கள். இந்த நேரம் பார்த்து… நீங்கள் பிரெஞ்சு எழுதுறனீங்கள். நான் தண்ணியையும் கழுவுற மருந்தையும் தவிர ஒண்டும் தொடேல்லை எண்டு வடிவாய் ஒரு கடிதம் எழுதித் தாறீங்களோ?”

“ஓம்” என்றேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

அவருக்கான கடிதத்தை மூன்று விதமாக எழுதினேன். ஒவ்வொன்றும் அழகாகவே அமைந்தது. ‘யாரோ ஒருவரால் தெளிக்கப்பட்டிருக்கலாம்’ — ஐயோ, யாரோ ஒருவராம்! எவ்வளவு வடிவாய்ப் பொய் எழுத வருது எனக்கு.

சொன்னால் நாற்பத்தொன்று போய்விடும் என்று இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது எப்படியும் போய்விட்டது. இனிக் காப்பாற்றுவது என் பெயரைத்தான். அதுக்காக அந்த மனிசனின்ரை குடும்பத்தை விக்கிறதே?

கணவர் எட்டிப் பார்த்தார். “என்னப்பா, சாப்பிடேல்லையே? கடிதத்தோடை என்ன சண்டை?” சொன்னேன். சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு வந்து, “அப்ப உம்முடைய பேரிலை எழுதும்” என்றார்.

நான்காவது கடிதம் செலீனுக்கு, ஆறு வரிதான்.

அக்டோபர் 6, திங்கள்

செலீன் இரண்டு முறை படித்தார். கோபிக்கவில்லை, கோபித்திருக்கலாம்.

“நீ அன்றைக்கே சொல்லியிருந்தால் நான்கைப் பிடுங்கியிருப்போம் குணேஸ்வரி. முப்பத்திரண்டு மிஞ்சியிருக்கும். தாய்ச்செடியும் மிஞ்சியிருக்கும்.”

நான்கு. நான்கே நான்கு.

அக்டோபர் 10, வெள்ளி

அழிப்பு நாள். உலர்ந்த பூக்கள் யாவும் அரைக்கப்பட்டு, நனைத்த மரத்தூளுடன் கலக்கப்பட்டன. தாய்ச்செடியை அடியோடு வெட்டும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். தண்டு என் பெருவிரல் பருமன். மூன்றாம் வெட்டில்தான் விழுந்தது.

அழிப்புப் படிவத்தில் கையொப்பமிட்டேன். வேலை நீக்கக் கடிதத்தையும் அங்கேயே தந்தார்கள். மரியாதையான மொழியில் எழுதப்பட்டிருந்தது. சிவநேசம் திங்களன்று திரும்புகிறார்.

அக்டோபர் 27, திங்கள்

டவுன்டவுன் உணவகமொன்றில் இன்று முதல் பாத்திரம் கழுவும் வேலை. நீல வழி மெத்ரோ ரயிலில் ஏறினால், எதிர் இருக்கையில் சிவநேசம். இரண்டு வாரங்களாக என் அழைப்பை எடுக்காதவர். முதலில் யன்னலையே பார்த்தார்.

“நீங்கள் செய்தது எனக்கு ஆறேல்லை அக்கா.”

“ஆறவேண்டியதில்லை.”

ஒரு தரிப்பிடம் கழிந்தது. “மூண்டாம் மேசையிலை இப்ப வேறை இனம். விடியக் கண்ணாடியெல்லாம் ஒரே வேர்வை. நீங்கள் எந்த யன்னலை முதல் திறக்கிறனீங்கள்?”

கூரை யன்னலை இரண்டு விரற்கடை, அதே வேளையில் வெப்பத்தையும் சற்றே கூட்டவேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். அடியிலுள்ள இலைகளைப் பற்றிச் சொன்னேன், காற்றாடிகளின் சாய்வைச் சொன்னேன், தண்ணீர் விடும் நேரத்தைச் சொன்னேன். அவர் கடை ரசீது ஒன்றின் பின்புறத்தில் எழுதிக்கொண்டே வந்தார்.

டவுன்டவுன் வண்டிக்கு மாற நான் இறங்கவேண்டியது ஜான்-தலோனில். நிமிர்ந்தபோது ஸ்னோடன் வந்திருந்தது. அதற்கப்பால் வண்டி இல்லை.

வேலைக்கு அரைமணி நேரம் பிந்திவிட்டேன்.