பெஞ்சுக்குப் பின்னால் இருந்த பிளக்

புதன்கிழமை, இரவு.

இருமலுக்காக அம்பத்தூர் கிளினிக்குக்குப் போனேன். எதிரே வந்து நின்ற அம்மாவை டாக்டர் என்று நினைத்து நாக்கை நீட்டிவிட்டேன். "நாக்க உள்ள போடுங்கண்ணே, நான் கிளினிக்க செக் பண்ண வந்த ஆபீசர்" என்றார்.

அடுத்து தடுப்பூசி பிரிட்ஜின் வெப்பப் பதிவைச் சோதித்தார். போன வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் உள்ளே சூடு ஏறியிருக்கிறதாம். "ஏன் சிஸ்டர், ஆஃப் பண்ணீங்களா?"

"சத்தியமா இல்ல மேடம். கரண்டும் போகல. இன்னா ஆச்சுன்னே தெரில." நர்ஸ் முகம் சுண்டிப்போனது.

வெள்ளிக்கிழமை நான் அங்கேதான் இருந்தேன், என் பாப்பாவுக்கு ஊசி போட. போனில் சார்ஜ் இல்லையென்று பெஞ்சுக்குப் பின்னால் இருந்த பிளக்கைப் பிடுங்கி, என் சார்ஜரைச் செருகினேன். அது பிரிட்ஜுக்குப் போகிறதா என்று எவன் பார்த்தான்? எங்கள் முறை வந்தபோதுதான் திரும்ப மாட்டினேன்.

சூடான மருந்து பாப்பா உடம்பில் வேலை செய்யுமா? மறுபடி போட வேண்டுமா? ஒன்றும் புரியவில்லை. யாரிடம் கேட்டாலும் முதலில் என் லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும்.

கிளம்பும்போது, ஆபீசரிடம் அவ்வளவு திட்டு வாங்கிய பிறகும், நர்ஸ் கேட்டார்: "பாப்பா நல்லா கீதாண்ணே?"

"சூப்பரா கீது" என்றேன். யாரும் கேட்காமலே நீண்ட நாக்கு, அதற்கு மேல் அசையவில்லை.

இந்த டைரியிலாவது சொல்லிவிடுகிறேன்: பிளக்கைப் பிடுங்கினது நான்தான் சிஸ்டர்.