காதறுந்தவள்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

ஏழாவது மாதம் தொடங்கிவிட்டது. இவர் வேலைக்குப் போனதும் சுவரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். பிரசவத்துக்கு உன்னிடம் வருகிறேன் என்றால், பிடி கொடுக்காமல் “பார்க்கலாம்” என்று எழுதுகிறாய். இரண்டு முறை கலைந்தபோதும் நீதானே என்னைத் தேற்றினாய்? இப்போது பாரமாகிவிட்டேனா?

உன் சில்வண்டு

மார்ச் 11

என் சில்வண்டுக்கு,

பாரமா? வாயிலேயே போடுவேன்.

நம் ஆடுகள் மாதம் நிறையாமலே குட்டி போடுகின்றன. எல்லாம் செத்தே விழுகின்றன. எனக்கும் சாயங்காலமானால் காய்ச்சல், வியர்வை, இடுப்பு வலி. ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். “ஆட்டுகிட்ட இருந்துதாம்மா உங்களுக்கு ஒட்டியிருக்கு. வெறுங்கையால குட்டி எடுக்கிறீங்க, காய்ச்சாத பாலைக் குடிக்கிறீங்க, வேற என்ன ஆகும்?” என்கிறார் கால்நடை டாக்டர். பிள்ளைத்தாய்ச்சி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாதாம். சொன்னால் நீ தூங்கமாட்டாய் என்றுதான் மறைத்தேன்.

அக்கா

மார்ச் 17

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஆடுகள் போனால் போகட்டும். கொடுத்துவிட்டு இங்கே வா. மாத்திரை சாப்பிடுகிறாயா? அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே.

உன் சில்வண்டு

மார்ச் 28

என் சில்வண்டுக்கு,

பட்டி காலி. எல்லாவற்றுக்கும் நோய் என்று கொண்டுபோய்விட்டார்கள். வண்டியில் ஏற்றும்போது ஒவ்வொன்றும் என்னையே திரும்பிப் பார்த்தது.

காதறுந்தவளை மட்டும் கொடுக்கவில்லை. ஆடுகளுக்கு ரத்தம் எடுக்க டாக்டர் வந்த அன்று அவளைக் குளியலறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். நிறைசினை. கெட்டிக்காரி, மூச்சு விடவில்லை. பளபளவென்று இருக்கிறாள், அவளுக்கு ஒன்றும் இருக்காது. குட்டியை எடுத்துவிட்டதும் உன்னிடம் கிளம்பி வருகிறேன். யாரிடமும் சொல்லிவிடாதே.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

இது உன் கைக்கு வருவதற்குள் டாக்டர் வந்து போயிருப்பார். நான்தான் போன் செய்தேன்.

மறுபடியும் வெறுங்கையால் குட்டி எடுப்பாய். எனக்குத் தெரியாதா உன்னை? அப்படியே இங்கே வந்து நின்றால் உன்னை உள்ளே விடுவேனா, வெளியே நிறுத்துவேனா? நினைத்து நினைத்துப் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். உனக்குக் கட்டில் போட்டு வைத்திருக்கிறேன்.

உன் சில்வண்டு

ஏப்ரல் 9

தங்கைக்கு,

அவளுக்கும் நோய் இருந்ததாம். கொண்டுபோய்விட்டார்கள். நீ செய்தது சரிதான். சரி என்று தெரிந்தும் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

நான் வரவில்லை. பிள்ளை பிறந்தால் உன் வீட்டுக்காரரை எழுதச் சொல். நீ எழுதாதே.

அக்கா