ஒதிய மரத்துக்கு மஞ்சள் துணி

ஜூலை 15, செவ்வாய். சிதம்பரம்.

புவனகிரி ரோட்டை அகலப்படுத்த வெட்டப்போகிற மரங்களுக்கு நம்பர் போடுவது என் வேலை. போன வாரம் ஒரு ஒதிய மரத்துக்கு நேரே, 'பயன்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். எழுதும்போதே தலைக்கு மேல் செவ்வெறும்புகள் இலைகளை ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. யாருக்குப் பயன் இல்லை? ஆறு நாளாக அதே கேள்வி. ஆபீசில் கேட்டால் சிரிப்பார்கள்.

இன்று விடிவதற்குள் போய், அடிமரத்தில் மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்துவிட்டு வந்தேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன் நான்.

பத்து மணிக்கு மரம் வெட்ட வந்தவர் துணியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார். "அம்மா குடியிருக்கறாங்க சார். நான் கை வைக்க மாட்டேன், வேற ஆளப் பாருங்க." கான்ட்ராக்டரும் அதை மட்டும் விட்டுவிடச் சொன்னார். எனக்கு விசிலடிக்க வேண்டும்போல இருந்தது.

சாயங்காலம் திரும்பும்போது மரத்தடியில் கூட்டம். தரையை மெழுகிக் கோலம் போட்டிருந்தார்கள். பக்கத்துப் பெட்டிக்கடை அக்கா என்னிடமே குங்குமம் நீட்டினார்.

"கும்புட வர்றவங்கள எறும்பு கடிக்குது சார். மருந்து அடிச்சிட்டோம். இப்ப ஒண்ணுகூட இல்ல."

கோலத்தின் மேல் குங்குமம் சிந்திக் கிடக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்தேன். எறும்புகள்.

துணி கட்டியது நான்தான் என்று யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் நாளைக்கு மரமும் போய்விடும்.